பி குழுவில் ஒரு பெயர்

ஓசூரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் கோவிந்தப்பன் பயிற்சி ஆசிரியர். 2008-ல் வந்த இணையப் பாட மென்பொருள் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. பாடத்தை ஏற்றி, ஆட்களைச் சேர்த்து, குழு பிரித்து, எந்தக் குழுவுக்கு எந்த வாரம் தேர்வு என்று குறித்துவிட்டால் போதும். மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். ஏ ஷிஃப்டுக்கு முதல் வாரம், பி ஷிஃப்டுக்கு மறுவாரம் என்று குறித்தார். தேறுகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலை நிரந்தரம்.

ராயக்கோட்டையிலிருந்து வரும் முனிலட்சுமிக்கு ஒப்பந்தத்தில் நாலு வருஷம். பெயர் இருந்தது பி குழுவில். நிரந்தரத் தொழிலாளியான வினிதாவுக்கு மசக்கை, காலை பஸ் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்காக முனிலட்சுமி காலை ஏ ஷிஃப்டுக்கு மாறினாள். சூப்பர்வைசர் நோட்டில் திருத்தினார்கள். கணினியில் யாரும் திருத்தவில்லை.

முதல் வாரம் முனிலட்சுமி வந்து நின்றாள். "சார், பாடந்தான் இருக்குதுங்க. தேர்வக் காணோம்."

கோவிந்தப்பன் தன் திரையைத் திருப்பினார். "இதோ குத்துக்கல்லாட்டம் இருக்குது பாரும்மா. அமுக்கற எடத்துல அமுக்கணும்."

"அவளுக்கு செல்போன்லயே பச்சை பட்டன் எது, செவப்பு எதுன்னு தெரியாது சார்!" என்றான் கூட வேலைபார்க்கும் தங்கதுரை. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

மூன்று நாள் முயன்றாள். சனிக்கிழமை அவர் சொல்லிவிட்டார்: "ஏ ஷிஃப்ட் முடிஞ்சுதும்மா. இனிமே தொறந்து பிரயோஜனமில்ல." அதன்பிறகு அவள் திறக்கவில்லை.

அவள் பெயர் இல்லாமல் தேறியவர்கள் பட்டியல் ஒட்டப்பட்ட அன்றுதான், மாணவர் பார்வையில் பக்கத்தைக் காட்டும் பட்டனைக் கோவிந்தப்பன் கண்டுபிடித்தார். ஆசிரியர் திரையில் எல்லாக் குழுவின் தேர்வும் தெரியும். மாணவருக்குத் தன் குழுவுடையது மட்டும். முனிலட்சுமியின் பெயரை அழுத்தினார். பி குழு. திங்கள் திறந்தது, சனி மூடியது. முயற்சிகள்: இல்லை. முடிந்துபோனது என்று அவர் சொன்ன தேர்வு, மறுவாரம் ஆறு நாள் அவளுக்காகத் திறந்தே இருந்திருக்கிறது.

அலுவலகத்துக்கு ஓடினார். "லிஸ்ட் பெங்களூர் ஹெட் ஆபீசுக்குப் போயிடுச்சு சார், இனிமே மாத்த முடியாது" என்றார்கள்.

கேண்டீனில் அவளெதிரே உட்கார்ந்து, காகிதத்தில் இரண்டு வட்டம் போட்டு, அவள் பெயர் எதில் மாட்டிக்கொண்டது என்று காட்டினார். தப்பு தன்னுடையதுதான் என்றார். முழுக்கக் கேட்டாள்.

"அப்ப நான் அமுக்குனது சரிதானுங்களா சார்?"

"சரிதாம்மா."

"அத தங்கதுரை அண்ணங்கிட்ட சொல்லிருங்க சார்."

மணி அடித்தது. தட்டைக் கழுவப் போனாள். காகிதத்தை மடித்துக்கொண்டு கோவிந்தப்பன் தங்கதுரையின் மிஷினைத் தேடி நடந்தார்.