பித்தளைச் சக்கரம்

ஆய்வுக்கூடத்து இயக்குநருக்கு ரிப்பன் என்று பெயர். பெயர் வைத்தவள் முள்ளெலிக்காரி. உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் கடல் முள்ளெலிகளை வளர்த்து ஆராய்ச்சி செய்வதால் அவளுக்கு அந்தப் பெயர். வாயும் அதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டால்கூட ஆளைக் கூப்பிட்டு ரிப்பன் வெட்ட வைக்கிற மனிதனை வேறெப்படிக் கூப்பிடுவது என்று கேட்பாள். கடலோரத்திலேயே உட்கார்ந்துகொண்டு கால்கூட நனையாமல் ஓய்வு பெறப்போகிற ஜென்மம் என்பாள். அவரோடு நேரில் பேசுவதை நிறுத்தி வருஷக்கணக்காகிவிட்டது. ஏதாவது வேண்டுமென்றால் அங்கேயே வேலை பார்க்கும் பொறியாளரிடம் சொல்லி அனுப்புவாள். பொறியாளர் அவள் கணவர்தான்.

கணவரைப் பற்றியும் அவளுக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. ஊருக்குக் குடிநீர்க் குழாய் போட்டுக்கொண்டிருந்தவர். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். ஆய்வுக்கூடத்துக் கடல்நீர்க் குழாய்களையும் தொட்டிகளையும் அடியோடு மாற்ற அனுமதி வந்ததும், ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தார்.

“ஒரு தடவை பாத்துடேன். வால்வு, இணைப்பு எல்லாம் இதுல இருக்கு. டைரக்டர் உன்கிட்ட காட்டச் சொன்னார்.”

“அந்த ஆளு படம் போடுவாரு, நான் உக்காந்து திருத்தணுமா? எனக்கு வேற வேலை இல்ல பாரு.”

“படம் நான் போட்டது.”

“ரெண்டும் ஒண்ணுதான்,” என்று சொல்லி, குக்கரை அதன் மேலேயே இறக்கி வைத்தாள்.

அவர் குக்கரை நகர்த்தி, படத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்.

மனிதர்களிடம் காட்டாத பொறுமையையெல்லாம் அவள் முள்ளெலிகளிடம் காட்டினாள். வெதுவெதுப்பான நீரிலும் பிழைக்கும் ஒரு வம்சத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்திருந்தாள். பெரியவை கோடையில் ஒரு நோய் வந்து செத்துப்போயின. மிஞ்சியவை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மிதக்கும் குஞ்சுகள் மட்டுமே. அவை போனால் அவளுடைய பத்து வருஷ உழைப்பும் போச்சு. பழைய தொட்டிகளை இடித்துவிட்டதால் வாளிகளில் வைத்திருந்த குஞ்சுகள் அத்தனையையும், திறப்பு விழாவன்று காலையில் அந்த வாளி நீரோடு புதுத் தொட்டிக்கு மாற்றினாள்.

விழாவில் ரிப்பன் பேசினார். கடல் நம் தாய் என்றார். தாயைப் பார்க்க ஒரு நாளாவது படி இறங்கியிருப்பானா என்று அவள் பல்லைக் கடித்தாள். பிறகு சிறப்பு விருந்தினர், வால்வையும் குழாய்களையும் மூடியிருந்த துணியை விலக்கினார். உள்ளே, தண்ணீரைத் திறந்துவிடும் வால்வில் பளபளவென்று ஒரு பித்தளைச் சக்கரம். வால்வும் பித்தளை, அதிலிருந்து குழாய் நெடுக இணைப்புகளும் பித்தளை.

பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. பித்தளையில் செம்பு இருக்கிறது. செம்பு கரைந்த தண்ணீர் முள்ளெலிக் குஞ்சுக்கு விஷம். கசிவு பார்க்க நிரப்பிய தண்ணீர் வாரக்கணக்காக அதற்குள் ஊறிக் கிடக்கிறது. சக்கரத்தைத் திருப்பினால் அதுதான் முதலில் தொட்டிக்குப் பாயும்.

‘திறக்காதீங்க’ என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் அதை ரிப்பனிடம் போய்ச் சொல்ல வேண்டும். அதற்குள் இன்னொரு நினைப்பு குறுக்கே வந்தது: திறக்கட்டும். எதுவும் தெரியாத தத்தி என்று இவ்வளவு நாளாக வாய் கிழியச் சொன்னேனே, இன்றைக்கு ஊரே பார்க்கட்டும். அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது. இனித்து முடிவதற்குள் சக்கரம் திரும்பிவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுநாள் காலை குஞ்சுகள் தொட்டியின் அடியில் மாவு மாதிரி படிந்து கிடந்தன. ஒரு குவளையில் அள்ளிக்கொண்டு நேரே ரிப்பனின் அறைக்குப் போனாள். கொட்டித் தீர்க்க எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தாள். அவர் எழுந்து நின்று குவளையைப் பார்த்தார்.

“பளபளன்னு இருக்கட்டும்னு நான்தாம்மா பித்தளை கேட்டேன். தப்பு என்னோடதுதான். இன்னைக்கே கழட்டச் சொல்றேன்.”

இப்படி ஒத்துக்கொள்கிறவனை என்ன சொல்லித் திட்டுவது? அவளுக்கு அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

சாயங்காலம் வரை இணைப்புகளைக் கழற்றிவிட்டு வந்த கணவர் சமையலறையில் கை கழுவினார்.

“தெரியாத வேலைல ஏன் கைய வைக்கிறீங்க?” என்று ஆரம்பித்தாள். “நீங்களும் அந்தாளும் சேர்ந்து...”

“பித்தளை ஆகாதுன்னு எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது,” என்றார் அவர். குழாயை மூடினார். “துணிய எடுத்ததும் நான் உன்னைத்தான் பாத்தேன். பிடிச்சிருக்கான்னு பாக்கலாம்னு. சிறப்பு விருந்தினர் சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு போட்டோவுக்கு நின்னாங்களே, அவ்வளவு நேரமும் பாத்தேன்.”

“பாத்தா?”

“நீ சிரிச்சே.”

அவர் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, உள் அறைக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்.