பாலத்தைத் தாண்டாதவன்

செப்டம்பரின் கடைசிச் சனிக்கிழமை. பாலத்தின் நடுவிலுள்ள எல்லைப் பலகைக்கு இருபதடி முன்னால் லோர்னா மாலக் பிரேக்கை மிதித்த மிதியில், பின்சீட்டிலிருந்த காலிப் பெட்ரோல் கேன்கள் உருண்டு முன்னால் வந்து விழுந்தன.

அதுவரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நிபால்டோவைப் புகழ்ந்துகொண்டுதான் வந்தாள். "உன் தங்கச்சி கல்யாணத்துக்குக்கூட ஊருக்குப் போகல. நாட்டை விட்டு ஒரு அடி வெளிய வைக்காதேன்னு நான் சொன்ன ஒரே வார்த்தைக்காக. வேற எவன் இருப்பான்..." என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தான் எந்த நாட்டைப் பார்த்து வண்டி ஓட்டுகிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

"என்னாச்சு?" என்றான் அவன்.

"நீ இப்ப கனடாவை விட்டு வெளிய போகப் பாத்த."

"நானா? வண்டி ஓட்டினது நீ."

கேம்போபெல்லோ தீவு கனடாவுடையது. தீவின் ஒரே பாலம் போய் இறங்குவது அமெரிக்காவில். பெட்ரோலுக்கும் பாலுக்கும் பல்வலிக்கும் தீவுக்காரர்கள் அங்கேதான் போவார்கள். நாற்பது வருடமாக அந்தப் பாலத்தில் போய்வரும் லோர்னா அதை ஒருநாளும் வெளிநாட்டுப் பயணமாக நினைத்ததில்லை. கடைக்குப் போவது, அவ்வளவுதான். தீவில் பாதிப் பேருக்கு வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற கெட்டிக்காரி, தன் வீட்டு விஷயத்தில் கோட்டை விட இருந்தாள்.

நிபால்டோ ஒயார்சுன் சிலி நாட்டுக்காரன். அவனும் ஒரு தீவில் பிறந்தவன்தான். சால்மன் பண்ணையில் கடலுக்குள் முங்கி வலைகளின் கிழிசல் தைக்கிற வேலை. இரண்டு வருடமாக லோர்னாவோடு சேர்ந்து வாழ்கிறான்; அவள் வீடுதான் அவன் வீடு. அவனுக்கு கனடாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்டு லோர்னா ஸ்பான்சராகக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தாள். கூடவே புது வேலை அனுமதிக்கும் ஒரு விண்ணப்பம். பழைய அனுமதி அந்தச் செவ்வாய்க்கிழமைதான் முடிந்திருந்தது. முடிவதற்கு முன்பே விண்ணப்பித்துவிட்டதால், பதில் வரும்வரை பழையபடி வேலை செய்யலாம். நாட்டை விட்டு வெளியே போனால் அந்தச் சலுகை அன்றோடு போச்சு. அப்புறம் பதில் வருகிற வரைக்கும், அது ஐந்து மாதமோ எட்டு மாதமோ, வீட்டில் சும்மா உட்கார வேண்டியதுதான். வேலையில்லாமல் சும்மா உட்காரும் ஆண்பிள்ளை நிபால்டோ அல்ல. மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவான் என்று லோர்னா உள்ளூரப் பயந்தாள். அதை அவனிடம் அவள் சொன்னதில்லை.

பாலம் முழுவதும் ரிவர்ஸிலேயே வந்தாள். இந்தப் பக்க எல்லைச் சாவடியில் வேலை பார்க்கும் வெண்டல், அவளோடு பள்ளியில் படித்தவன், வெளியே வந்து நின்று வேடிக்கை பார்த்தான்.

"பலகையைத் தாண்டினீங்களா?"

"இல்ல."

"அப்ப நீங்க எங்கயும் போகல. போய் ஒரு காபி குடி. மூஞ்சி வெளுத்துக் கிடக்கு."

அன்றிலிருந்து நிபால்டோவுக்குத் தீவுதான் உலகம். பக்கத்து டீர் தீவுக்குக் கோடையில் ஓடும் படகுச் சேவையும் அந்த வாரத்தோடு நின்றுபோனது. அதுவும் கனடாவுடையது; அங்கே போய்விட்டால், வருடம் முழுக்க ஓடும் இன்னொரு படகில், அமெரிக்க மண்ணை மிதிக்காமலேயே கனடாவின் கரைக்குப் போய்ச் சேரலாம். இனி அடுத்த கோடைக்குத்தான். சனிக்கிழமைகளில் லோர்னா தனியாகக் கடைக்குப் போனாள். அவன் வீட்டில் உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்து, பன்றிக்கொழுப்பு வைத்து, தன் ஊர் அடையைச் சுட்டு வைத்திருப்பான்.

ஊருக்கு இது நல்ல பொழுதுபோக்காயிற்று. லோர்னாவின் பெரியப்பா மகன் டெல்பர்ட்டுக்குக் கேட்கவே வேண்டாம். சிங்கி இறால் பிடிப்பவன். வாயைத் திறந்தால் நக்கல்தான்.

"என்ன மாப்ளே, ஜெயில் சாப்பாடு எப்படி?"

"வார்டன் நல்லா கவனிக்கிறா," என்பான் நிபால்டோ.

"நன்னடத்தைக்கு ஒரு மாசம் குறைக்கச் சொல்லி எழுதிப் போடு."

லோர்னாவுக்கு எரிச்சலாக வரும். நாம் தவியாய்த் தவிக்கிறோம், இவனுக்கு இளக்காரமாக இருக்கிறதே என்று டெல்பர்ட்டிடம் இரண்டு வாரம் பேசாமல்கூட இருந்தாள்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை, அடிவயிற்றுக்கு மேலே வலப்பக்கம் பிடித்த வலியில் லோர்னா சமையலறைத் தரையில் சுருண்டு விழுந்தாள். பித்தப்பைக் கல். ஆம்புலன்ஸ் வந்தது. கரையிலுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். வழி பாலத்தைத் தாண்டி, அமெரிக்கா வழியாகச் சுற்றி, மறுபடி கனடாவுக்குள். நிபால்டோ வண்டிக்குள் ஏற ஒரு காலைத் தூக்கி வைத்தான்.

லோர்னா அந்த வலியிலும் அவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். "நீ வராத."

"லோர்னா..."

"கல்லு எனக்கு. உன் வேலை எதுக்குப் போகணும்? வந்தியோ, உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."

கதவு சாத்தப்பட்டது. அவன் உள்சட்டையோடு குளிரில் நின்றதைத்தான் அவள் கடைசியாகப் பார்த்தாள்.

மருத்துவமனையில் வலிக்கு ஊசி போட்டு, சாயங்காலம் ஆபரேஷன் என்றார்கள். ஒன்பது மணிக்கு அவனைப் போனில் அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். இந்த மடையன் பாலத்தைத் தாண்டிவிட்டான், வந்துகொண்டிருக்கிறான், எல்லாம் போச்சு. சாவடிக்குப் போன் போட்டாள்.

"வெண்டல், நிபால்டோ அந்தப் பக்கம் போனானா?"

"காலையிலிருந்து நான்தான் இருக்கேன். அவன் வண்டி வரல. நீ எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேன்," என்று வைத்தாள். அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதி கால்மணி நேரம்கூட நிலைக்கவில்லை. வரவில்லையா? நிஜமாகவே வரவில்லையா? வராதே என்றால் அப்படியே வராமல் இருந்துவிடுவதா? பக்கத்துக் கட்டில்காரியின் கணவர் அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். லோர்னா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தான் சொன்னதைத்தான் அவன் கேட்டிருக்கிறான் என்று தெரிந்தும் அவளுக்கு மனசு ஆறவில்லை.

இரண்டு மணிவாக்கில் வார்டில் மீன் நாற்றம் அடித்தது. நிமிர்ந்து பார்த்தாள். யாருடையதோ ஆரஞ்சு நிற மழைச்சட்டை, இரண்டு அளவு பெரியது, முட்டிவரை தொங்க, தலையெல்லாம் உப்பு பூத்து, நிபால்டோ நின்றிருந்தான்.

"எந்த வழியா வந்த?" என்றுதான் அவள் முதலில் கேட்டாள்.

"தண்ணி வழியா. டீர் தீவு வரைக்கும் படகு. அங்கிருந்து கரைக்குப் பெரிய படகு. அப்புறம் உருளைக்கிழங்கு லாரி ஒண்ணு ஏத்திக்கிச்சு. போன் வீட்டுலயே கிடக்கு. அமெரிக்காவைத் தூரத்துல பாத்தேன், அவ்வளவுதான்."

"இன்னிக்கு எவன் படகு எடுத்துட்டு வந்தான்?"

"டெல்பர்ட்."

லோர்னா எழுந்து உட்காரப் பார்த்தாள். அன்றைக்கு நவம்பரின் இரண்டாவது செவ்வாய். சிங்கி இறால் பருவம் தொடங்கும் நாள். விடிந்ததும் எல்லாப் படகும் ஒன்றாகக் கிளம்பும். முந்திப் போய், இறால் பிடிக்கும் கூண்டுகளைக் கடலில் இறக்கியவனுக்கே நல்ல இடம், பருவம் முழுக்க. அந்தக் காலையில் தீவில் எவனும் எவனுக்காகவும் நிற்க மாட்டான். செத்த வீட்டுக்குக்கூட மறுநாள்தான் போவார்கள்.

"கூண்டு இறக்கிட்டா வந்தான்?"

"எங்க இறக்க? அத்தனை கூண்டையும் ஏத்தினபடியே வெச்சுக்கிட்டு வந்தான். நான் அது மேலதான் உக்காந்திருந்தேன். மத்த படகெல்லாம் தெக்கே போச்சு, நாங்க மட்டும் வடக்கே."

"அவன்கிட்ட நீ கேட்டியா?"

"கேக்கல. வேலைக்கு வரலன்னு சொல்ல படகுத்துறைக்குப் போனேன். கார் சாவி கையில இருந்துச்சு. எங்கடா போறேன்னு டெல்பர்ட் கேட்டான். பாலத்துக்குன்னேன். சாவியைப் பிடுங்கித் தன் பையில போட்டுக்கிட்டு, 'ஏறுடா'ன்னான்."

லோர்னா அவனைப் பார்த்தாள். "பாலத்துல வந்திருப்பியா நீ?"

"வந்திருப்பேன்."

"வேலை போனாலும்?"

"போனா போகுது."

"முட்டாள்," என்றாள் லோர்னா. அவன் ஈரக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். வேலை போனாலும் இவன் போகமாட்டான் என்று இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"டெல்பர்ட்டுக்கு இந்த வருஷம் கடைசி இடம்தான் கிடைக்கும்," என்றாள். "அவன் பொண்டாட்டி என்னைக் கொன்னுடுவா. ஏதாவது சொன்னானா?"

"இறங்கும்போது ஒண்ணு சொன்னான். ஸ்பான்சர் படிவத்துல உன் பேரு மட்டும்தானே இருக்கு, எங்கயாவது ஓரத்துல இடமிருந்தா அவன் பேரையும் எழுதிக்கச் சொன்னான்."

லோர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு வலித்தது. ஏன் அழுகிறீர்கள் என்று ஓடிவந்த நர்ஸிடம், வலிதான் என்றாள்.