விமானத்துக்கு வைத்த பொட்டு

என் அத்தை மகன் சுருளிராஜனுக்கு என் தங்கச்சி ஹேமாவதியைக் கட்டிக்கொடுப்பதில் சொந்தபந்தம் அத்தனைக்கும் சம்மதம். அவளுக்கும் சம்மதம், அதை அவள் வாய்விட்டுச் சொல்லாமலே வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒரே ஒருவருக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அவர் எங்கள் அப்பா செல்லப்பாண்டி.

காரணம் எங்கள் தோட்டத்து ஆயில் இஞ்சின். ஒரு தடவை சுருளி அதைப் பிரித்துப் பழுது பார்த்தான். மாட்டி முடித்தபோது கையில் இரண்டு போல்ட் மிச்சம் இருந்தது. இஞ்சின் என்னவோ ஓடியது, இன்றைக்கும் ஓடுகிறது. ஆனால் அப்பாவுக்கு அந்த இரண்டு போல்ட்டும் தொண்டையில் சிக்கிய முள். "மிச்சம் வைக்கிற பயலுக்குப் பொண்ணு கெடையாது" என்று, கூடப் பிறந்த அக்கா மகன் என்றும் பார்க்காமல் சொல்லிவிட்டார்.

இரண்டாயிரத்து நாலில் நான் ஒரு குட்டி விமானம் ஓட்டிக்கொண்டிருந்தேன். பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். இரண்டு பேர் உட்காரலாம், துணி போர்த்திய இறக்கை, முன்னால் ஒரு விசிறி, அவ்வளவுதான். விளம்பரக் கம்பெனிக்காரர் ஒருவர் அதை வாங்கி, தேனிக்கு மேற்கே ஒரு பொட்டலைச் சமப்படுத்தி நிறுத்தியிருந்தார். பண்டிகை வந்தால் ஜவுளிக்கடை நோட்டீஸை ஊர் ஊராக மேலிருந்து தூவ வேண்டும். ஓட்டுவது நான். இஞ்சினைப் பார்த்துக்கொள்வது, பெங்களூரில் பயிற்சி எடுத்து வந்த சுருளி. பின்சீட்டில் உட்கார்ந்து நோட்டீஸ் தூவுவதும் அவன்தான்.

அந்த வருஷம் அப்பா கொஞ்சம் இறங்கி வந்தார்.

"தீபாவளி வரைக்கும் இந்தப் பிளேனு மக்கர் பண்ணாம பறக்கட்டும். அப்பறம் பேசுவோம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மாப்பிள்ளைக்குப் பரீட்சை வைக்க வேறு வண்டியே கிடைக்கவில்லையா? மேலே போகிறவன் நானல்லவா?

சுருளி விடுவானா. ஆயுத பூஜைக்கு முன்னால் இஞ்சினை அக்கு அக்காகப் பிரித்தான். பிளக் புதுசு, பெட்ரோல் பைப் புதுசு. கார்புரேட்டரைத் துடைத்த துடைப்பில் அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். மாட்டி முடித்து ஓட்டிக் காட்டினான். சத்தம் அப்பழுக்கில்லாமல் இருந்தது. பிறகு கீழே விரித்திருந்த சாக்கை எடுத்து என் எதிரில் உதறினான். ஒரு நட்டுகூட விழவில்லை.

"பாத்துக்கங்க மச்சான். மாமாகிட்ட நீங்கதேன் சாட்சி."

எங்கள் பக்கத்து ஆயுத பூஜையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அரிவாளில் இருந்து பஸ் வரைக்கும் பொட்டு இல்லாமல் எதுவும் தப்பாது. விமானத்துக்குப் பொட்டு வைக்க ஹேமாவதியே கிளம்பி வந்தாள். விசிறி, சக்கரம், இறக்கை நுனி, சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பெட்ரோல் டேங்கின் மூடி என்று ஒன்றுவிடாமல் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். சுருளி கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றான். சந்தனத்தை அல்ல. பூஜையில் வைத்த பொட்டை யாரும் கையால் துடைப்பதில்லை. அதுவாக உதிர்ந்தால்தான் உண்டு. அப்படியே விட்டுவிட்டோம்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள் என்று பறந்தோம். போடியைத் தாண்டிப் பொட்டிப்புரம் பக்கம் போகிற வரைக்கும் சுருளி பின்னால் இருந்து பாடிக்கொண்டே வந்தான். திடீரென்று இஞ்சின் சத்தம் கம்மியது. ஆக்ஸிலேட்டரை முழுசாகத் தள்ளினேன். வேகம் ஏறுவதற்குப் பதிலாக இறங்கியது. இரண்டு தடவை இருமிவிட்டு விசிறி சோம்பேறித்தனமாகச் சுற்ற ஆரம்பித்தது. பயந்துவிட்டேன். பயம் வந்தால் எனக்கு வாயில் கோபம்தான் வரும்.

"ஏலே, எத்தன போல்டுடா மிச்சம் வச்ச?"

"ஒண்ணுமில்ல மச்சான், சத்தியமா ஒண்ணுமில்ல. அங்கன பாருங்க, கடலக்காடு. புடுங்கிட்டாக, வெறுந்தரதேன்."

அந்தக் காட்டில் இறக்கினேன். மூன்று தரம் குதித்து, வரப்புக்கு முன்னால் வண்டி நின்றது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்லை. கடலைச்செடி அடுக்கிக்கொண்டிருந்த பவுனு என்கிற அம்மா நிதானமாக நடந்து வந்து பார்த்தாள். காடு அவளுடையதாம்.

"நோட்டீச கையிலயே குடுத்துட்டுப் போக வந்தீகளா?" என்று கேட்டாள்.

சுருளி அவளுக்கு ஒன்று கொடுத்தான். பிறகு பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க டேங்க் மூடியைத் திருகினான். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்த மூடியில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அது வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் இஞ்சினுக்கு இறங்காது. ஹேமாவதியின் பொட்டு சரியாக அந்த ஓட்டையின் மேல் காய்ந்து சிமெண்டு மாதிரி உட்கார்ந்திருந்தது.

சுருளி கட்டைவிரலால் அதைச் சுரண்டி எடுத்தான்.

"மச்சான், பைப்ப நாந்தேன் சரியா மாட்டல. மாமாகிட்ட அப்படியே சொல்லிருவோம்."

"கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு?"

"அண்ணன கொல்லப் பாத்தேனேன்னு அவ ஆயுசுக்கும் அழுவா. ரெண்டு போல்டோட இது மூணாவதா இருந்துட்டுப் போகுது."

அவன் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிரியத்துக்கும்தான்.

செல்போனில் சொன்னதும் அப்பா ஹேமாவதியைப் பின்னால் வைத்துக்கொண்டு மொபெட்டில் வந்து சேர்ந்தார். முதலில் என் கை, கால், தலை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். பிறகு சுருளியிடம் திரும்பினார்.

"என்னாச்சு?"

"பைப்பு மாமா. என் தப்புதேன்."

"போதும். இனிமே அந்தப் பேச்சே வேணாம். ஹேமா, வண்டியில ஏறு."

ஹேமாவதி ஏறவில்லை. அவள் விமானத்தைச் சுற்றி வந்து தான் வைத்த பொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் அப்படியே இருக்கு. மூடியில வச்சத மட்டும் யாரு சொரண்டுனது?"

சுருளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அதற்குள் அவள் சந்தனம் ஒட்டிய அந்தக் கட்டைவிரலைப் பார்த்துவிட்டாள். குனிந்து மூடியைப் பார்த்தாள்.

"அண்ணே, இந்த ஓட்ட என்னாத்துக்கு?"

யாரிடம் வேண்டுமானாலும் பொய் சொல்லுவேன், அவளிடம் வராது. சொல்லிவிட்டேன். அவள் முகம் வெளுத்துப்போனது. கண் நிறைந்தது. ஆனாலும் நேராக அப்பாவிடம் போய் நின்றாள்.

"பைப்பு இல்லப்பா. நாந்தேன் அடச்சேன். அவுக ராப்பகலா வேல பாத்த வண்டியாச்சேன்னு கொஞ்சம் கூடவே அப்பிட்டேன்."

அப்பா டேங்க் பக்கம் போனார். மூடியைத் திருகி எடுத்து, ஓட்டையில் வாய் வைத்து ஊதிப் பார்த்தார். பிறகு சுருளியிடம் நீட்டினார்.

"ஏலே, மேல போறது எம் மகன். இஞ்சின் விசயத்துல யாருக்காகவும் எங்கிட்டப் பொய் சொல்லக் கூடாது. இவளுக்காகச் சொல்ற பொய்யெல்லாம் வீட்டோட வச்சுக்க."

"சரிங்க மாமா" என்று தலையாட்டிய சுருளி, அப்பா மொபெட் பக்கம் போனதும் என் காதருகே வந்தான்.

"மச்சான், எந்த வீட்டோடன்னு சொல்றாக?"

ஹேமாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நம்ம வீட்டோடதேன். மொதல்ல அந்த ஓட்டைய ஒழுங்கா சுத்தம் பண்ணுங்க. எங்கண்ணன் திரும்பிப் பறக்கணும்."