கோட்டுக்கு மேலே ஊருக்கு

அலுவலகத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பல வருடம் ஆகிறது. பட்டை என்றால்தான் திரும்பிப் பார்ப்பேன். பத்திரிகைக்கு வரும் படங்களை வெட்டிச் சரிசெய்வதும், காட்டக் கூடாத முகங்களின் கண்மேல் கறுப்புப் பட்டை போடுவதும் என் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறேன். "ஊருக்கே பட்டை நாமம் போடுறவரு வர்றாரு, வழி விடுங்கப்பா" என்று அச்சுப் பிரிவுக்காரர்கள் கிண்டல் பண்ணுவார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

அந்த உறை வந்த அன்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அனுப்பியவர் பெயர் இல்லை. உள்ளே ஒரு படம், ஒரு துண்டுச்சீட்டு. சீட்டில் ஓர் ஆளின் பெயரும் ஒரு ராணுவ முகாமின் பெயரும் எழுதியிருந்தன. படத்தில் அந்த ஆள் முழங்காலிட்டிருந்தார். உடம்பில் ஒட்டுத்துணி இல்லை. கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்கள். சுற்றி மூன்று சிப்பாய்கள். ஒருவன் அவர் தோள்மேல் பூட்ஸ் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். மூவரும் வாயெல்லாம் பல்லாக நின்றார்கள். மனசு வெந்துபோயிற்று.

எங்கள் நிருபர் மூன்று வாரம் நாயாய் அலைந்து எல்லாவற்றையும் சரிபார்த்தாள். முகாமின் சுவர், சீருடை, படைப்பிரிவு எல்லாம் ஒத்துப்போயின. அந்த ஆள் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். பதினான்கு மாதத்துக்கு முன் விசாரணை என்று கடையிலிருந்து கூட்டிப் போனார்கள். திரும்பி வரவில்லை. 'அப்படி ஒருவர் எங்கள் காவலில் இருந்ததே இல்லை' என்று அவர் மனைவிக்கு ராணுவம் எழுத்தில் கொடுத்திருந்தது.

"நாளைக்கே போட்டாகணும் சார்," என்றாள் நிருபர்.

"போடலாம்மா. ஆனா அவங்க அந்த மனுஷனை ஒரு தடவை அம்மணமா நிறுத்தினாங்க. நாம லட்சம் பிரதியில நிறுத்தப்போறோம். அதுக்கு என்ன சொல்றே?" என்றார் ஆசிரியர்.

இரண்டு பேர் சொன்னதும் சரி. அதுதான் எனக்கு எரிச்சல். ஒருவராவது தப்பாகப் பேசியிருந்தால் நான்கு வார்த்தை கத்திவிட்டு என் நாற்காலிக்குப் போயிருப்பேன்.

வக்கீலையும் கூப்பிட்டு, இரண்டு கூட்டம் போட்டு, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவர் கண்ணுக்கு ஒரு பட்டை, இடுப்புக்கு ஒரு பட்டை. மனைவி சம்மதித்தால் முதல் பக்கம். இல்லாவிட்டால் படம் இல்லை. நிருபரை ஏற்கெனவே அந்த அம்மாவின் தெருவில் யாரோ பின்தொடர்ந்திருந்ததால் கேட்டு வரும் வேலை என் தலையில் விழுந்தது. அந்த அம்மா தையற்கடை வைத்திருந்தார். பழைய பேண்ட் ஒன்றைத் தைக்கக் கொடுப்பதுபோல் பையில் போட்டு, அதன் மடிப்புக்குள், பட்டை போட்ட படத்தை வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு தையல் மெஷின்கள், ஒரு வெட்டும் மேசை, சுவரில் அட்டை அட்டையாகப் பொத்தான்கள். காலை பதினொரு மணிக்கே உள்ளே புழுங்கியது. அந்த அம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடா. அவருடைய கொழுந்தன் கீழே உட்கார்ந்து ஒரு மெஷினுக்குப் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தான்.

"தங்கச்சி, நான் பத்திரிகையிலேர்ந்து வர்றேன்," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். படத்தில் இன்னது இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு, "குடுங்கண்ணா," என்றார்.

மேசைமேல் விரித்துப் பார்த்தார். நான் பொத்தான்களைப் பார்த்தேன். எட்டிப் பார்த்த கொழுந்தன், "ஐயோ, அண்ணி, பாக்காதீங்க," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவர் திருப்பவில்லை. வெகுநேரம் கழித்து, கணவரின் முகத்தில் ஒரு விரலை வைத்தார்.

"இதை எடுத்துடுங்கண்ணா."

எங்கள் அலுவலகத்தில் 'எடுத்துடு' என்றால் ஒரே அர்த்தம்தான்: பக்கத்திலிருந்து தூக்கிவிடு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அங்கேயே நின்று ஆசிரியருக்குப் போன் போட்டேன். "சார், எடுத்துடச் சொல்லிட்டாங்க." அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சரி, விடுங்க. அவங்க முடிவுதான் முடிவு. மழைப் படம் ஒண்ணு இருக்கில்ல, அதைப் போட்டுக்கலாம்."

போனை வைப்பதற்குள் அந்த அம்மாவின் குரல் உயர்ந்தது.

"எதை எடுக்கச் சொன்னேன்? படத்தையா எடுக்கச் சொன்னேன்? இந்தக் கறுப்பை எடுங்கன்னு சொன்னேன்!"

இருபத்திரண்டு வருடத்தில் பட்டை போடுங்கள் என்று கெஞ்சியவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

"அண்ணி, ஊரே பாக்கும். நம்ம மானம் என்ன ஆகும்?" என்றான் கொழுந்தன்.

"துணியை உருவினவனுக்குப் போகாத மானம் உங்க அண்ணனுக்கு ஏன் போகணும்?" என்று அவனிடம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "சிரிக்கிறவன் கண்ணெல்லாம் தெரியுது. இவர் கண்ணை மட்டும் மூடிட்டீங்க. இது என்ன நியாயம்ணா?"

"அவரைக் காப்பாத்தத்தான் தங்கச்சி..."

"கண்ணை மறைச்சா இது யாரோ ஒருத்தர். யாரோ ஒருத்தரைத் தேடியா பதினாலு மாசமா அந்த ராணுவ கேட்ல போய் நிக்கிறேன்?"

ஆனால் ஒன்றைக் கேட்காமல் போனால் நான் மனிதன் இல்லை. ஆசிரியரும் அதைக் கேட்கச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

"அவர் உயிரோட இருந்தா... இது வெளிய வந்த கோவத்துல அவங்க ஏதாவது..."

அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நான் அதை யோசிக்காத நாள் இல்லண்ணா. இல்லவே இல்லேன்னு எழுதிக் குடுத்த ஆளை என்ன வேணா செய்யலாம், கேக்க நாதி கிடையாது. இருக்காருன்னு ஊரே பாத்துட்டா, கை வைக்க யோசிப்பான். யோசிக்காமலும் போகலாம். அது எனக்குத் தெரியாது. ஆனா இப்படியே விட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்." பட்டையைத் தொட்டுக் காட்டி, "இதுக்குள்ள கண்ணு எப்படி இருக்கு? மூடியிருக்கா?" என்று கேட்டார்.

பட்டையைப் போட்டவன் நான். அதற்கு அடியில் இருப்பதைப் பார்த்தவனும் நான்தான்.

"திறந்திருக்கு. நேரா பாக்கிறார்."

"அவரே நேரா பாக்கிறப்போ நாம எதுக்கு மறைக்கணும்? போடுங்க," என்றார்.

கொழுந்தன் சுவரோரம் போய் அழுதான். அவன் அழுவதைப் பார்த்த பிறகும் அந்த அம்மா அழவில்லை. ஸ்கேலை எடுத்துப் படத்தின் குறுக்கே வைத்தார். துணியில் கோடு போடும் நீலச் சாக்குக்கட்டியால், கணவரின் மார்புக்குக் கீழே ஒரே இழுப்பாக ஒரு கோடு இழுத்தார்.

"கோட்டுக்கு மேல ஊருக்கு. கோட்டுக்குக் கீழ எனக்கு."

நான் குனிந்து பார்த்தேன். படம் வெட்டிப் பிழைப்பவன் இல்லையா, பழக்கதோஷம். மூன்று சிரிப்பும் கோட்டுக்கு மேலே இருந்தன. உயர்த்திய கட்டைவிரலும், தோளில் பூட்ஸும், மேல்கையை அறுக்கும் கயிறும், அவர் முகமும் மேலேதான். நடந்த அக்கிரமத்தில் ஒரு துளி குறையவில்லை. அவருடையது என்று இருந்த எதையும் ஊருக்குக் கொடுக்கவும் இல்லை. வக்கீலும் ஆசிரியரும் நானும் இரண்டு கூட்டம் போட்டும் எங்கள் கண்ணில் படாத கோடு அது. அந்த அம்மா காலில் விழுந்து கும்பிட வேண்டும்போல் இருந்தது. வயதில் மூத்தவன் விழுந்தால் பதறிப்போவாரே என்றுதான் நின்றுவிட்டேன்.

"முழுப் படம் ஒண்ணு எனக்கு வேணும். பட்டை இல்லாம," என்றார்.

மறுநாள் முதல் பக்கத்தில் அந்தக் கோட்டின்படியே வெட்டிப் போட்டோம். அதற்குள் நானே போய் அவர் கேட்ட முழுப் படத்தைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். இரண்டு நாள் ராணுவம் மூச்சுவிடவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அறிக்கை வந்தது. 'படத்தில் உள்ள நபர் எங்கள் காவலில் உயிருடன் இருக்கிறார். குடும்பத்தினர் வியாழக்கிழமை சந்திக்கலாம்.' சிப்பாய்கள் மூவரையும் பணியிடைநீக்கம் செய்து விசாரிப்பதாகவும் கீழே இருந்தது. நிருபர் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

நான் கடைக்கு ஓடினேன். ரேடியோவில் கேட்டுவிட்டிருந்தார் போலிருக்கிறது. கதவு அகலத் திறந்திருந்தது. மேசையில் வெளிர்நீலத் துணி விரிந்திருக்க, பக்கத்தில் அந்த முழுப் படம் இருந்தது. அளவு நாடாவை அதன்மேல் வைத்துக் குனிந்திருந்தார்.

"வாங்கண்ணா, நல்ல நேரத்துல வந்தீங்க. வியாழக்கிழமைக்குள்ள சட்டை தைக்கணும். பழைய அளவு இப்போ சரியா வராது," என்றார். "நீங்க படத்துலேயே பழகினவரு. அந்த பூட்ஸோட நீளத்தை வச்சுக் கணக்குப் போட்டா மார்பு எவ்வளவு வரும்?"

அந்த பூட்ஸை அளவுகோலாக எடுத்துக்கொள்ளும் தைரியம் எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. இருவரும் சேர்ந்து அளந்தோம். மூன்று முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் அதேதான் வந்தது.

"பழைய அளவுலேர்ந்து நாலு அங்குலம் குறையுது தங்கச்சி."

அவர் துணியைக் கையால் நீவிவிட்டார்.

"ரெண்டு குறைச்சாப் போதும்ணா," என்றார். "வீட்டுக்கு வந்து நாலு வேளை சாப்பிட்டா, அப்புறம் இதைப் போட முடியாமப் போயிடும்."