திருப்புவதற்கு முன்

டாரல் மூன்றாவது முறையாகத் துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தான். முதல் இரண்டு முறையும் அது அவன் கையிலேயே ஆறிப்போயிருந்தது.

"கைய எடுடா," என்றார் எல்வுட்.

"ஈரத்துலயே கிடக்கிறீங்கப்பா. காலைலேர்ந்து."

"தெரியும். கிடக்குறது நான்தானே. அவ வரட்டும்."

அவள் என்றால் ரோண்டா. ஆறு வருடங்களுக்கு முன்பு டாரலை விவாகரத்து செய்துவிட்டுப் போனவள். ஏழு மணிக்கே ஃபோன் செய்துவிட்டாள். இரண்டு நாள் மழையில் ஓடை பெருகி, பாலத்தின் மேல் இடுப்பளவு தண்ணீர் போகிறது, வண்டி இறங்காது என்றாள். "நீதான் இருக்கியே, நீயே மாத்திவிடு," என்றாள். "அவரு விடணுமே," என்றான் டாரல். எப்படியாவது வரப் பார்க்கிறேன் என்று அவள் ஃபோனை வைத்தாள்.

போருக்குப் போய் வந்தவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள அரசாங்கத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. ஆளை அவரே தேர்ந்தெடுக்கலாம், அவரே வேலை சொல்லலாம், பிடிக்காவிட்டால் அவரே நிறுத்திவிடலாம். சொந்த மகனைக்கூட வைத்துக்கொள்ளலாம். வியட்நாமில் இடுப்பில் ஏறிய குண்டுச்சில்லுகளோடு ஐம்பது வருடத்துக்கு மேல் நடந்து, கடைசியில் இதயமும் கைவிட்டுப் படுக்கையில் விழுந்த எல்வுட், ஆள் யார் என்ற இடத்தில் ரோண்டாவின் பெயரை எழுதினார். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் டிரெய்லர் வண்டியிலேயே குடியிருக்கும் மகன் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. ஊர் வாய்க்கு அவல் கிடைத்தது. பெட்ரோல் பங்கில் ஒருவன், "பொண்டாட்டி உன்னை விட்டுட்டுப் போனா, உங்கப்பன் அவளை வேலைக்கு வச்சுக்கிட்டாரு. ரெண்டு பேருமே விவரமானவங்கதான்," என்றான். டாரலும் சிரித்துவைத்தான்.

அப்பா மேல் அவனால் கோபப்படவும் முடியவில்லை. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் அவன்தான் பார்த்துக்கொண்டான். ஒரு நாள் அவரைக் கழிப்பறையில் உட்காரவைத்துவிட்டு, ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று பாட்டில் வாங்கப் போனான். திரும்பி வர நான்கு மணி நேரம் ஆயிற்று. அவர் தரையில் கிடந்தார். எதற்கும் கத்தாத மனிதர் அன்றும் கத்தவில்லை. "போய்ப் படு, நல்லா நனைஞ்சிருக்க," என்று மட்டும் சொன்னார்.

இப்போது அவன் குடியை விட்டுப் பதினோரு மாதம் ஆகிறது. அதை அவரிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறான். இரண்டு முறையும் "நல்லது" என்றார். ஒரே ஒரு தடவை அவர் தன்னை நம்பிக் கையைக் கொடுத்தால் போதும் என்றிருந்தது டாரலுக்கு. ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஏங்குவது அவனுக்கே கூச்சமாக இருந்தது.

"ஒரு தடவைப்பா. வலிக்காம செய்றேன்."

எல்வுட் ஜன்னல் பக்கம் பார்த்தார். உதடு நீலம் பூத்திருந்தது. ஒவ்வொரு மூச்சையும் கீழேயிருந்து இழுத்தார்.

"தண்ணி வடிஞ்சிருச்சா பாரு," என்றார்.

டாரல் வாசல் படியில் நின்று பார்த்தான். பாலத்தின் கைப்பிடிக் கம்பி மட்டும் தெரிந்தது. ஒரு மரக்கிளை வந்து அதில் மாட்டிக்கொண்டு, பிறகு விடுபட்டுப் போயிற்று. உள்ளே போய் என்ன சொல்வது என்று யோசித்தபடி நின்றுவிட்டான்.

"வடியுதுப்பா. இப்ப வந்துருவா," என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் வந்தான். அந்தப் பொய்யைக் கேட்க அவர் இல்லை. கண் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தது.

மதியத்துக்கு மேல், தொடை வரை சேற்றோடு ரோண்டா வந்து சேர்ந்தாள். வண்டியை அக்கரையில் விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தே கடந்திருந்தாள். வழக்கம்போல "என்ன முதலாளி, விடிஞ்சுதா?" என்று கேட்கத் திறந்த வாய் டாரலின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டது. கட்டிலருகே போய் அவர் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள்.

"மாத்தலையா?"

"விடல. உனக்காகத்தான் காத்திருந்தாரு."

ரோண்டா அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவளுக்குச் சம்பளம் போடும் ஆபீசுக்கு ஃபோன் செய்தாள். பேசிவிட்டு வந்தவள், "முதலாளி போன நிமிஷமே என் வேலையும் முடிஞ்சுதாம். இனி செய்றதெல்லாம் கணக்குல வராதாம்," என்றாள். சட்டைக் கையை மடித்துவிட்டாள். "வெந்நீர் கொண்டா. அப்படியே ஃபிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கிற தாளையும் எடுத்துட்டு வா. அவரு சொன்னபடிதான் செய்யணும்."

இரண்டு வருடமாக அந்தத் தாளைத் தாண்டித்தான் அவன் பால் எடுத்திருக்கிறான். ஒரு நாளும் படித்ததில்லை. அரசாங்கப் படிவம், அதில் அப்பாவின் கோணல் கையெழுத்து. முகத்தை முதலில் துடைக்க வேண்டும், அதற்குத் தனித் துண்டு. காபி ஆறக் கூடாது. பின்பக்கமாக வந்து தொடக் கூடாது. திருப்புவதற்கு முன் என்னிடம் சொல்ல வேண்டும். நான் சரி என்று சொன்ன பிறகுதான் திருப்ப வேண்டும்.

கடைசியில் அச்சடித்த கேள்வி ஒன்று இருந்தது. ஆள் வர முடியாத நாளில் யார் பார்த்துக்கொள்வார்கள்? அதன் கீழே ஒரு பெயர் எழுதி அடித்திருந்தது. அடித்த கோடுகளுக்குள் அவனால் தன் பெயரைப் படிக்க முடிந்தது. பக்கத்தில், 'காத்திருப்பேன்' என்று இருந்தது.

டாரல் தாளையும் வெந்நீரையும் கொண்டுபோனான். முகத்தை ரோண்டா துடைத்தாள். பிறகு கீழ்விரிப்பின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இடுப்புக்குக் கீழ கை குடு. முட்டியப் பிடிக்காத, அங்கதான் அவருக்கு வலிக்கும்."

கை கொடுத்தான். உடம்பில் இன்னும் சூடு இருந்தது.

"அப்பா, திருப்பப் போறேன்," என்றான்.

சொல்லிவிட்டு அப்படியே குனிந்து நின்றான். எதிர்ப்பக்கம் ரோண்டா விரிப்பைப் பிடித்தபடி நின்றாள். அவனை அவள் அவசரப்படுத்தவில்லை.