சார்ஜருக்கு வைத்த பொட்டு

கொக்காந்தாங்கல் ஊராட்சிக்குப் படகு வந்த நாளில் ஊர் ஏரியில் தண்ணீர் இல்லை. நடு ஏரியில் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். முந்தின வருஷ மழையில் கரை உடைந்து கீழ்வெளி முழுகியதை டிவியில் பார்த்த எங்கோ ஒரு கம்பெனி, தன் சமூகப் பொறுப்பைக் கழிக்க அனுப்பிவைத்த மீட்புப் படகு அது. பதினாறடி நீளம், வெள்ளை ஃபைபர், பின்னால் எஞ்சின், நடுவில் ஸ்டியரிங் வைத்த ஒரு பெட்டி. கம்பெனிக் காகிதத்தில் அந்தப் பெட்டிக்குக் கன்சோல் என்று பேர். ஊரில் ஸ்டியரிங் பொட்டி.

புது வண்டி என்றால் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும். படகுக்குச் சக்கரம் இல்லை. ஊர் கூடி யோசித்து, அதை ஏற்றிவந்த டிராக்டர் டிரெய்லரின் சக்கரத்தில் வைத்தார்கள். ஆக, திருஷ்டி டிரெய்லருக்குக் கழிந்தது. அந்த டிரெய்லர் இன்றுவரை நன்றாக இருக்கிறது.

படகோடு ஒரு அட்டைப்பெட்டியில் பேட்டரி சார்ஜரும் வந்திருந்தது. அதை மாட்டிக்கொடுக்க வேங்கிக்காலில் பேட்டரிக் கடை வைத்திருந்த விமல்ராஜைக் கூப்பிட்டார்கள். இருபத்தேழு வயது, டிப்ளமோ, அதுவரை இன்வெர்ட்டரும் பேட்டரி ஆட்டோவும்தான் பார்த்திருந்தான். படகைத் தொட்டது அதுதான் முதல் தடவை. ஆனால் பேட்டரி எங்கே இருந்தாலும் பேட்டரிதான் என்பது அவன் கொள்கை.

அரைநாள் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு இடம் பார்த்தான். பேட்டரிக்கு நேர்மேலே மாட்டக்கூடாது, ஆசிட் ஆவி ஏறி சார்ஜரை அரிக்கும். தரையோடும் மாட்டக்கூடாது, படகுக்குள் சேரும் தண்ணீர் முதலில் அங்கேதான் வரும். பக்கச் சுவரில் கட்டை அடித்து, சூடு மேலே போகிற மாதிரி நிமிர்த்தி, சுற்றி நாலு விரல் காற்று விட்டு, ஒயர் போகும் ஓட்டையில் ரப்பர் போட்டு மாட்டினான். மாட்டிவிட்டு அவனே இரண்டு தடவை எட்டிப் பார்த்தான். அவ்வளவு சுத்தமான வேலை. ஒன்றே ஒன்றுதான் குறை. சார்ஜரின் விளக்கு பெட்டிக்குள்ளேயே இருந்தது. சிவப்பென்றால் ஏறுகிறது, பச்சையென்றால் நிறைந்துவிட்டது, ஒன்றுமே எரியவில்லை என்றால் கரன்ட் வரவில்லை. அதைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் மூடியைத் திறந்து குனிய வேண்டும்.

"முன்பக்கம் சின்னதா ஒரு ஓட்டை போட்டு வெளக்க வெளிய இஸ்துடலாம்ண்ணா. ரோட்ல போறவனுக்குக்கூட தெரியும்" என்றான்.

தசரதன் ஒத்துக்கொள்ளவில்லை. ஊராட்சித் தலைவர் தனம். தலைவர் வேலையைப் பார்ப்பவர் அவர் புருஷன் தசரதன்.

"முன்பக்கம் ஸ்டிக்கர் வருது. எங்க ஓட்டை போடுவ?"

"இன்னா ஸ்டிக்கர்ண்ணா?"

"என் படம்."

"தலைவர் படம் இல்லையா?"

"அதுவும் வருது. ஓரத்துல."

விளக்கு உள்ளேயே இருந்தது. படகை ஓட்டவும் பார்த்துக்கொள்ளவும் போட்ட முருகையனிடம் விமல்ராஜ் ஒரு நோட்டைக் கொடுத்தான். "டெய்லி காலைல மூடியத் தொறந்து பாருங்கண்ணா. இன்னா கலர் எரியுதோ அத எழுதுங்க. எரியலன்னா எனக்கு ஒரு போன் போடுங்க."

ஐம்பது வயது முருகையன் அந்த நோட்டுக்கு அட்டை போட்டு, மஞ்சள் தடவி, தினமும் குனிந்து பார்த்து, தேதி போட்டு, "பச்சை" என்று எழுதினார். ஊராட்சியில் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்த ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். பின்னால் விசாரணைக்கு ஆளானதும் அவர் ஒருவர்தான்.

ஆயுத பூஜை வந்தது. படகுக் கொட்டகைக்கு வாழைக்கன்று கட்டி, சீரியல் லைட் தொங்கவிட்டு, படகுக்குப் பதினெட்டு முழத்தில் மாலை போட்டார்கள். தனம் சந்தனக் கிண்ணமும் குங்குமமும் வைத்த தட்டோடு வந்து விமல்ராஜ் முன்னால் நீட்டினார்.

"நீ மாட்டுன சாமான். நீயே வச்சுடுப்பா."

அவனுக்குப் பெருமையாக இருந்தது. ஸ்டியரிங்குக்கு வைத்தான், சாவிக்கு வைத்தான், எஞ்சினுக்குப் பட்டையே அடித்தான். பெட்டிக்குள் குனிந்தான். சார்ஜரின் முகம் முழுக்கக் கறுப்பு. பொட்டு வைக்க வாகாக மேல்பக்கம் நடுவில் ஒரு சின்ன வட்டம் மட்டும் பளபளவென்றிருந்தது. நெற்றி என்றால் அதுதான் நெற்றி. கட்டைவிரலால் சந்தனத்தை அங்கே அப்பி, மேலே குங்குமம் தொட்டு வைத்தான். லட்சணமாக இருந்தது.

முருகையன் எட்டிப் பார்த்தார். "தம்பி, வெளக்கு மேலயே வச்சுட்டியே. நான் எப்டிப் பாக்கறது?"

கடையில் இன்னும் பூஜை போடவில்லை. அம்மா இரண்டு தடவை போன் செய்துவிட்டாள். "உள்ள பச்சைதாண்ணா எரியுது. கரன்ட் கீற வரைக்கும் பச்சைதான். பச்சைன்னே எழுதிக்கோங்க."

"தொடச்சுடட்டா?"

"பூஜைல வச்ச பொட்ட யாராச்சும் தொடைப்பாங்களா? அதுவா காஞ்சு உதுந்துடும்."

அது உதிரவில்லை. தனம் வீட்டுச் சந்தனம் அசல்.

இன்னொன்றும் அன்றைக்கு, பொட்டு வைப்பதற்கு முன்பே நடந்திருந்தது. கொட்டகையில் இருந்த ஒரே பிளக் பாயின்டில் சார்ஜர் ஒயரைப் பிடுங்கிவிட்டு சீரியல் லைட்டைச் செருகியிருந்தார்கள். பூஜை முடிந்து அதைக் கழற்றப் போன லைட்காரனைத் தசரதன் தடுத்து, "தீபம் வரைக்கும் இருக்கட்டும், பாக்க ஜோரா இருக்குது" என்றார். கார்த்திகை தீபத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. கொட்டகை ஒழுகியது. ஒழுகிய தண்ணீர் படகுக்குள் சேரும்போதெல்லாம் உள்ளே இருந்த சின்ன பம்ப் தானாக ஓடி, பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தது. கொட்டகை வாசலில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியது. பிளக்கையும் பார்க்கச் சொல்லி முருகையனிடம் யாரும் சொன்னதில்லை. அவர் தினமும் மூடியைத் திறந்து, பொட்டைப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பச்சை" என்று எழுதினார். ஐம்பத்தெட்டு நாள்.

தீபத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது மூன்று நாள் மழை ஓயாமல் கொட்டி, நான்காம் நாள் காலை எட்டு மணிக்கு ஏரிக்கரை உடைந்தது. கீழ்வெளி மோட்டார் கொட்டகையில் மாட்டோடு தங்கியிருந்த ஆதிமூலமும் அவர் மனைவி காசியம்மாளும் கூரைமேல் ஏறிக்கொண்டார்கள். கரையிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் தெரிந்தார்கள். காசியம்மாள் முருகையனின் கூடப்பிறந்த அக்கா.

முருகையன் சாவியைத் திருப்பினார். டக் என்றது. மறுபடி திருப்பினார். டக் என்றுகூடச் சொல்லவில்லை. எஞ்சினில் கயிறு சுற்றி இழுத்தார். நாற்பது ஐம்பது தடவை இழுத்ததில் உள்ளங்கை கிழிந்ததே தவிர எஞ்சின் பிடிக்கவில்லை. பிறகு விமல்ராஜுக்குப் போன் செய்தார்.

"தம்பி, படகு எழுந்துக்கல."

"வெளக்கு இன்னா கலர்ண்ணா?"

 போனில் மழைச் சத்தமும், யாரோ கூரைப் பக்கம் பார்த்து "மாமா, எறங்காத மாமா" என்று கத்துவதும் மட்டும் கேட்டது.

விமல்ராஜ் கடையில் இருந்ததிலேயே பெரிய பேட்டரியை பைக் டேங்க்மேல் வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினான். கீழ்பென்னாத்தூர் தாண்டித் தரைப்பாலத்தில் இடுப்பளவு தண்ணீர். பைக்கைப் போட்டுவிட்டு பேட்டரியைத் தலையில் தூக்கிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்தான். வந்து சேர ஒன்றேமுக்கால் மணி நேரம். மூடியைத் திறந்து செல்போன் வெளிச்சத்தை அடித்தான்.

பொட்டு அப்படியே இருந்தது. வறண்ட ஏரி மாதிரி லேசாக வெடித்திருந்தது. கட்டைவிரல் ரேகை ஒவ்வொரு வரியாகத் தெரிந்தது. நகத்தால் ஓரத்தைச் சுரண்டினான். அடியில் எந்த நிறமும் இல்லை.

பேட்டரியை மாற்றினான். ஐந்து நிமிஷ வேலை. முதல் சாவியிலேயே எஞ்சின் எழுந்தது. அது எழாமலே இருந்திருக்கலாம் என்று அவனுக்கு அந்த நொடியில் தோன்றியது.

போய்ச் சேர்ந்தபோது கூரையில் பாதி இருந்தது. அந்தப் பாதியில் காசியம்மாள் இருந்தாள். படகில் ஏறும்போது தம்பி முருகையன் நீட்டிய கையைப் பிடிக்காமல் விமல்ராஜின் கையைப் பிடித்து ஏறினாள். "நீ வந்தியேப்பா" என்றாள். ஆதிமூலத்தை மறுநாள் மதகுக்குப் பக்கத்தில் எடுத்தார்கள்.

பத்தாம் நாள் ஊராட்சி அலுவலகத்தில் விசாரணை. எழிலரசி என்ற அதிகாரி வந்திருந்தார். மேசைமேல் முருகையனின் நோட்டு. பூஜைக்கு அப்புறம் மட்டும் ஐம்பத்தெட்டுப் பச்சை. செத்த பேட்டரிக்கு இத்தனை பச்சை எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. விமல்ராஜை நிபுணராகக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலிலேயே தசரதன் அவனை ஓரங்கட்டி, "இங்க பாரு, பாக்காமலே எழுதிட்டான்னு ஒரு வரி குடுத்துட்டுப் போயிட்டே இரு. ஜாஸ்தி பேசாத" என்று சொல்லியிருந்தார். உள்ளே மூலையில் இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றிக்கொண்டு முருகையன் நின்றார். ஆயுத பூஜை அன்று பெட்டிக்குள் குனிந்து பேசிய பேச்சு விமல்ராஜுக்கும் முருகையனுக்கும் மட்டும்தான் தெரியும். முருகையன் அதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

எழிலரசி பேனாவைத் திறந்தார். "சொல்லுங்க. படகு ஏன் ஸ்டார்ட் ஆகல?"

"நான் வெளக்கு மேல சந்தனம் வச்சு மறச்சுட்டேன் மேடம்" என்றான் விமல்ராஜ். "அவரு கேட்டாரு. பாக்காமலே பச்சைன்னு எழுதிக்கோன்னு நான்தான் சொன்னேன். பிளக்கப் புடுங்கி சீரியல் லைட்ட மாட்டிட்டாங்க. அது வெளக்குல தெரிஞ்சிருக்கும். பொட்டு இருந்ததால தெரியல. இப்பவும் என் ரேகை அதுல கீது, வந்து பாக்கலாம்."

தசரதன் எழுந்தார். "சாமிக்கு லைட்டு போட்டது தப்புன்றியா? பூஜைக்குப் பொட்டு வச்சது தப்புன்றியா? அத எழுத சொல்றியா?"

 கூடியிருந்தவர்களில் ஒருத்தர் காரணமே இல்லாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எழிலரசி படிவத்தைப் பார்த்தார். பழுதுக்குப் பொறுப்பானவர் என்ற இடத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது, ஒரு பெயர் எழுதுகிற அளவுக்கு. "முருகையன், இவர் சொல்றது நெஜமா? உங்கள பாக்காம எழுத சொன்னாரா?"

விமல்ராஜ் அவரைப் பார்த்தான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"இல்ல மேடம்" என்றார் முருகையன். "தம்பி எனக்காகப் பேசுது. அது அப்டி சொல்லவே இல்ல. நான்தான் பாக்காம எழுதுனேன்."

கட்டம் நிறைந்தது. தசரதன் டீ சொல்லி அனுப்பினார்.

வெளியே வேப்பமரத்தடியில் விமல்ராஜ் அவரைப் பிடித்துக்கொண்டான். "ஏண்ணா அப்டி சொன்னீங்க? வேல போயிடுச்சு இல்ல?"

"நீ ஒத்துக்கினா எங்கக்கா எங்கிட்ட பேசிடுமா?"

"நான் போயி அதுகிட்ட சொல்றன்ண்ணா."

"சொல்லாத." முருகையன் கையில் சுற்றியிருந்த துணியை இறுக்கினார். "நீ வந்தன்னு நெனச்சுக்கினு கீது. அதையும் எடுத்துடாத. நீ ஒரு நாளு பொட்டு வச்ச. நான் அம்பத்தெட்டு நாளு குனிஞ்சு பாத்தேன் தம்பி. நகத்தால ஒரு சொரண்டு சொரண்டியிருந்தா போதும். தெனம் தோணுச்சு. தெனம் கும்பிட்டு மூடிட்டேன்."

அவர் போய்விட்டார். விமல்ராஜை யாரும் திட்டவில்லை. தண்ணீரில் பேட்டரி சுமந்துவந்தவன் என்று ஊராட்சியில் சால்வை வேறு போட்டார்கள். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் இன்வெர்ட்டர்மேல் போட்டு வைத்திருக்கிறான்.

மறு மாதம் புது சார்ஜர் வந்தது. மாட்ட அவனையே கூப்பிட்டார்கள். பழையதைக் கழற்றி, பொட்டு கலையாமல் செய்தித்தாளில் சுற்றித் தன் தோள்பையில் வைத்துக்கொண்டான். புதியதை அதே கட்டையில், அதே நாலு விரல் காற்று விட்டு மாட்டினான். பிறகு டிரில்லை எடுத்துக்கொண்டு முன்பக்கம் வந்தான். ஸ்டிக்கரில் தசரதன் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஓரத்தில் தபால்தலை அளவில் தனம். விமல்ராஜ் தசரதனின் இரண்டு புருவத்துக்கும் நடுவே அளவெடுத்து, நேராக ஓட்டை போட்டு, விளக்கை வெளியே இழுத்து நிறுத்தினான்.

தசரதன் ஓடிவந்தார். "டேய், இன்னாடா பண்ற? வேற எடம் கெடைக்கலயா?"

"பின்னாடி அங்கதான் கட்டை கீதுண்ணா. வேற எங்கயும் நிக்காது." சொல்லிக்கொண்டே சுவிட்சைப் போட்டான். பேட்டரி இன்னும் ஏறவில்லை. படத்தின் நெற்றியில் சிவப்பாக எரிந்தது.

தசரதன் தள்ளி நின்று பார்த்தார். கிட்டே வந்து பார்த்தார். "குங்குமம் வச்ச மாதிரிதான் இருக்குது" என்றார். "சரி, மங்களகரமாத்தான் இருக்குது. வுடு."

சாயங்காலத்துக்குள் அது பச்சையாகிவிட்டது. அப்புறம் அவர் அந்தப் பக்கம் அவ்வளவாக வருவதில்லை.

முருகையன் வருகிறார். இப்போது செங்கல் சூளையில் வேலை. காலையில் போகும் வழியில் கொட்டகைக்கு எதிரே ரோட்டோரம் சைக்கிளை நிறுத்துகிறார். இறங்குவதில்லை, ஒரு காலை ஊன்றிக்கொள்கிறார். அங்கிருந்தே நன்றாகத் தெரிகிறது. கொஞ்ச நேரம் பார்க்கிறார். "பச்சை" என்று வாய்விட்டுச் சொல்கிறார். எழுத நோட்டு இல்லை. மிதித்துக்கொண்டு போகிறார்.