மூன்று மணி வரை

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். கூடத்துத் தரையில் பதினைந்து இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் அவனைப் பார்த்தார்கள். அம்மாவின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மாமா எழுந்து அவனை நோக்கி வந்தார். அவர் வாயும் சத்தமில்லாமல் அசைந்தது. காதில் பஞ்சு இருப்பது உறைக்கச் சில நொடிகள் ஆயின. வலது காதுப் பஞ்சைப் பிடுங்கினான்.

"...மனசைத் திடப்படுத்திக்கோடா," என்றார் மாமா.

அப்போதுதான் நடுவில் கிடந்த கட்டிலைப் பார்த்தான். தங்கையின் அறையில் இருக்கவேண்டிய கட்டில். அதில் அவள் படுத்திருந்தாள். கழுத்து வரை வெள்ளைப் போர்வை. யாரோ அவளுக்குத் தலை சீவி, வகிட்டைத் தப்பான பக்கம் எடுத்துவிட்டிருந்தார்கள்.

"எப்ப?" என்றான்.

"காலைல. பத்து, பத்தரை இருக்கும்."

அவன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று ஐந்து.

"ஏன் என்னை எழுப்பல?"

மாமா கீழே பார்த்தார். அம்மாதான் பதில் சொன்னாள். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை வாத்தியாரிடம் காரணம் சொல்கிற குரலில் சொன்னாள்.

"நீ தூங்கிட்டிருந்தியேப்பா."

அந்த வீட்டில் காலை ஏழு முதல் மதியம் மூன்று வரை சத்தம் கூடாது. நான்கு வருடமாக அப்படித்தான். இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தில் படிப்பை விட்டுவிட்டு அவன் கூரியர் கிடங்கில் இரவு வேலைக்குச் சேர்ந்தான். விடிய விடியப் பார்சல்களை ஸ்கேன் செய்து ஊர்வாரியாகப் பிரித்துப் போடும் வேலை. முதல் மாதத்தில் ஒருநாள் சமையலறையில் தட்டு விழுந்த சத்தத்துக்கு எழுந்து வந்தவன், அதே தட்டை எடுத்துச் சுவரில் அடித்து இரண்டாக மடக்கினான். அடுத்த நாள் அழைப்புமணியின் வயர் கழற்றப்பட்டிருந்தது. மிக்ஸி ஏழு மணிக்குமுன் ஓடி முடிந்தது. குக்கரை அம்மா மாடிவீட்டில் கொண்டுபோய் வைத்தாள். தங்கை காதில் ஹெட்போன் ஏறியது, பிறகு இறங்கவேயில்லை. பாட்டு, படம், எல்லாம் அதற்குள்தான். வாய்விட்டுச் சிரிக்கவேண்டிய இடம் வந்தால் தலையணையைக் கடித்துக்கொள்வாள் என்று அம்மா ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அவன் அதை ஒரு தகவலாகத்தான் கேட்டுக்கொண்டான்.

நடந்ததை மாடிவீட்டுப் பிளம்பர்தான் சொன்னார். வாசலில் செருப்புகளுக்கு நடுவில் நின்று, இவன் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

"உங்கம்மா தையல் கம்பெனிக்குப் போனவங்க, கண்ணாடியை மறந்துட்டேன்னு பதினொண்ணு போல திரும்பி வந்தாங்க தம்பி. பாப்பா கட்டில்ல சாஞ்சு உக்காந்தாப்புல இருந்துச்சாம். கம்ப்யூட்டர்ல ஏதோ படம் ஓடிட்டிருக்கு. காதுல அந்த மிஷினு. கூப்பிட்டா கேக்காதுன்னு தொட்டிருக்காங்க."

"அப்புறம்?"

"மேல வந்து என்னைக் கூப்பிட்டாங்க. கத்தல, கிசுகிசுன்னு கூப்பிட்டாங்க. நான் ஏதோ தண்ணிக் குழாய் உடைஞ்சிருச்சாக்கும்னு ஸ்பேனரைத் தூக்கிட்டு இறங்கறேன். தம்பியை எழுப்பலாம்னுதான் சொன்னேன். வாய்மேல விரலை வச்சுட்டாங்க. ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்பறதுக்குள்ள ஓடிப்போய்க் குறுக்க நின்னு, சைரனை நிறுத்துங்க, பையன் தூங்கறான்னாங்க. டிரைவர் முழிக்கிறான். தூக்கிட்டுப் போறப்ப உன் ரூமைத் தாண்டி நாங்க நாலு பேரும் பூனை மாதிரி நடந்தோம். இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ரெண்டு நாள் முன்னாடிதான் எங்கயோ போய்ட்டு வந்துச்சாமே. முப்பது மணி நேரம் பஸ்ல உக்காந்தபடியே. கால்ல ரத்தம் உறைஞ்சு கட்டியாகி, அது நெஞ்சுக்குப் போயிருச்சாம். இந்த வயசுல வர்றது அபூர்வம்னாரு. நேரத்துல வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், கீழே கிடந்த யாரோ ஒருவரின் செருப்பைக் காலால் ஜோடி சேர்த்துவைத்தார்.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. பழைய புத்தகக் கடையில் மாலை நேர வேலை. அட்டை போனவை, கடைசிப் பக்கங்கள் போனவை, யாரும் வாங்காதவை எல்லாம் அவளோடு வீட்டுக்கு வந்துவிடும். இருவரும் சேர்ந்து விழித்திருப்பது மூன்று மணியிலிருந்து நான்கு மணிவரைதான். அந்த ஒரு மணி நேரத்தில் டீயை வைத்துக்கொண்டு கதை சொல்வாள்.

"ஆந்தை, கேளு. இவன் வீட்டைவிட்டு ஓடிட்டான். பதினேழு வருஷம் கழிச்சுத் திரும்பி வந்து வாசல்ல நிக்கறான். அதோட பக்கம் கிழிஞ்சுபோச்சு. உள்ள போவானா, மாட்டானா?"

"மாரடைச்சு செத்துருவான்."

"எந்தக் கதையைக் குடுத்தாலும் கொன்னுடற நீ. உன்கிட்ட போய்க் கேக்கறேன் பாரு."

மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பகலெல்லாம் ஊர் சுற்றுவது, இரவில் அடுத்த ஊருக்குப் பஸ் பிடிப்பது. பஸ்ஸில் தூங்கினால் அறை வாடகை மிச்சம் என்பது அவள் கணக்கு. சாய்க்க முடியாத கடைசி வரிசை சீட்டில் எப்படித் தூங்குவது என்று அவளே படம் போட்டு இணையத்தில் எழுதியிருந்தாள். நானூறு பேர் அதைப் படித்துவிட்டு நன்றி சொல்லியிருந்தார்கள்.

பேப்பரில் போட ஒரு படம் வேண்டும் என்று மாமா அவள் லேப்டாப்பைத் திறந்தார். மலை, கடல், ரயில் நிலைய பெஞ்சு, பன்னிரண்டு கட்டில் போட்ட விடுதி அறை. எல்லாப் படத்திலும் அவள் வாயைப் பிளந்துகொண்டிருந்தாள்.

"வாயை மூடின மாதிரி ஒண்ணுகூட இல்லையாடா?"

அவன் எட்டிப் பார்த்தான். பெரிய வாய். உள்நாக்குவரை தெரிந்தது. கத்துகிறாளா, சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. கடைசியில் பள்ளிக்கூட அடையாள அட்டையிலிருந்து ஒரு படத்தை எடுத்தார்கள்.

ஐந்து மணிக்கு அம்மா அவனைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. குழாயைத் திறந்து கையைக் கழுவினாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். கதவைத் தட்டினாளா?"

"எனக்குக் கேக்கலம்மா."

"தட்டினாளா, தட்டலையா?"

"காதுல பஞ்சும்மா. தெரியல."

"சரி," என்றாள். உடனே, "உன் மேல தப்பு இல்லப்பா," என்றாள். யோசித்துச் சொன்ன மாதிரி இல்லை. மத்தியானத்திலிருந்தே தயாராக வைத்திருந்து எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

பத்து மணிக்குத் தங்கைக்கு மூச்சு முட்டியிருக்கும். அவள் கட்டிலுக்கும் அவன் கதவுக்கும் ஆறு அடி. எழுந்து வந்தாளா? தட்டினாளா? தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தாளா? இது தெரியாமல் அவனால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. வருகிறவர்கள் கையைப் பிடித்தார்கள். அவன் அவர்களுடைய விரல் முட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆறு மணிக்கு மூட்டை வந்தாள். தங்கையோடு ஊர் சுற்றுகிற தோழி. எங்கே போனாலும் ஆள் உயரத்துக்குப் பை தூக்குவதால் அந்தப் பெயர். அன்று பை இல்லை. கட்டில் அருகில் கொஞ்ச நேரம் நின்றாள். வகிட்டைப் பார்த்தாள். குனிந்து விரலாலேயே கலைத்துச் சரியான பக்கம் எடுத்துவிட்டாள். பிறகு சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவன் அவள் முன்னால் போய் நின்றான்.

"எனக்கு ஒரு உதவி பண்ணணும்."

"சொல்லுங்கண்ணா."

"நான் உள்ள போய்ப் படுக்கறேன். நீ கதவைத் தட்டு. முதல்ல விரலால, அப்புறம் கையால."

மாமா திரும்பினார். "என்னடா இது? வீட்ல பொணத்தை வச்சுக்கிட்டு? பைத்தியமா உனக்கு?"

"நீங்க சும்மா இருங்க மாமா."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். புதுப் பஞ்சு எடுத்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு, வழக்கம்போல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். ஒன்றும் கேட்கவில்லை. தன் ரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும். ரொம்ப நேரம் கழித்து, எங்கோ தூரத்தில் பார்சல் இறக்குகிற மாதிரி, தம், தம் என்று வந்தது. எழுந்து கதவைத் திறந்தான். அவள் உள்ளங்கை சிவந்திருந்தது. கூடத்தில் எல்லோரும் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"விரலால தட்டினியா?"

"முதல்ல அப்படித்தான் தட்டினேன். ஆறேழு தடவை."

விரலால் தட்டினால் கேட்காது. கையால் அடித்தால் கேட்கும். தங்கை எப்படித் தட்டுகிறவள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்தக் கதவை அவள் தட்டியதே இல்லை.

மூட்டை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் யாரோ அவனை ஐஸ் பெட்டிக்குக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள்.

மறுநாள் பதினொரு மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் அவனைப் பார்த்து, போய்க் கொஞ்ச நேரம் படு என்றார்கள். அம்மா அவன் அறையில் போர்வையை உதறி விரித்துக்கொண்டிருந்தாள். அவன் மூட்டையைப் பஸ் ஏற்றிவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

பஸ் நிறுத்தத்தில் நிழல் இல்லை. அந்த நேரத்துத் தெருவை அவன் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது. இரும்புக்கடையில் தகடு வெட்டினார்கள். ஒரு பள்ளிக்கூட வேன் ஓயாமல் ஹாரன் அடித்தது.

"அவ உங்ககிட்ட பாடிக் காட்டுவாளாண்ணா?" என்றாள் மூட்டை.

"யாரு?"

"அவதான்."

"அவ பாடுவாளா?"

மூட்டை அவனைத் திரும்பிப் பார்த்தாள். விளையாடுகிறானோ என்று பார்த்த மாதிரி இருந்தது.

"தொண்டை கிழியப் பாடுவாண்ணா. பஸ் ஊரைத் தாண்டினதும் ஆரம்பிச்சிருவா. ஏதேதோ பாஷைப் பாட்டு, ஒரு வார்த்தைக்குக்கூட அர்த்தம் தெரியாது. போன தடவை ஒரு கண்டக்டர், இறக்கி விட்டுருவேன்னு மிரட்டினாரு. அப்புறம் அவரே அடுத்த பாட்டு என்னன்னு கேட்டாரு. படம் பார்த்தா பக்கத்து வரிசைக்காரங்க உஷ்ஷுன்னுவாங்க, அப்படிச் சிரிப்பா. நான்கூடக் கேப்பேன், உங்க வீட்ல எப்படிடி உன்னை வச்சுக்கறாங்கன்னு."

தகடு வெட்டும் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

"அண்ணா, நேத்து என்னைக் கதவைத் தட்டச் சொன்னீங்கல்ல? அப்பவே சொல்லியிருக்கணும். அத்தனை பேர் முன்னாடி முடியல."

"என்ன?"

"அவ தட்டல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் போனை எடுத்தாள். கொடுக்கவில்லை.

"வேண்டாம்ணா. நான் சொன்னதே போதும்."

"கொடு."

"படிச்சா உங்களுக்குத்தான்..."

"கொடுன்னா கொடு."

கொடுத்தாள். வெயிலில் திரை தெரியவில்லை. கையால் மறைத்துக்கொண்டு படித்தான். நேற்றுக் காலை ஒன்பது பத்து.

*காலு யானைக்கால் மாதிரி வீங்கிருக்குடி. மாடிப்படி ஏறின மாதிரி மூச்சு வாங்குது, உக்காந்தே இருக்கேன்.*

*டாக்டர்கிட்ட போடி லூசு. உங்க அண்ணன் எங்க?*

*ஆந்தை தூங்குது. மூணு மணிக்கு எழும். எழுந்ததும் வண்டில கூட்டிட்டுப் போகச் சொல்றேன்.*

*இப்பவே எழுப்பு.*

*பாவம்டி. நேத்து ரெண்டு ஷிப்ட். அதுவரைக்கும் ஒரு படம் பாத்துடறேன், பெருசு, மூணு மணி நேரம்.*

அதற்குக் கீழே மூட்டை எழுதியவை மட்டும் இருந்தன. *என்னாச்சு. ஏய். படம் எப்படி. ஏய்.* பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை.

அவன் மேலே தள்ளிவிட்டு முதலிலிருந்து படித்தான். மறுபடியும் படித்தான்.

"நான் போன் பண்ணியிருக்கணும்," என்றாள் மூட்டை. "உங்க நம்பர் என்கிட்ட இருந்துச்சு. நீங்க தூங்கிட்டு இருப்பீங்கன்னு..."

பாதியிலேயே நிறுத்திவிட்டாள். போனைத் திருப்பிக் கொடுத்தான். அவள் அதைக் கைப்பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அம்மா கேட்டா என்னண்ணா சொல்லுவீங்க?"

அவன் பதிலுக்கு வாயைத் திறந்தான். பஸ் வந்துவிட்டது.

அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் நகர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி ஆட்டினாள். இவனும் கையைத் தூக்கினான். பஸ் இரும்புக்கடையைத் தாண்டி வளைவில் திரும்பியது. தூசி எழும்பி அடங்கியது.

வேறொரு பஸ் அவன் முன்னால் வந்து நின்றது. கதவு திறந்தது. கண்டக்டர் படியில் இறங்கி வழிவிட்டு நின்றார்.

"ஏறுங்க சார்."

அவன் ஏறவில்லை.

"சார், வரீங்களா இல்லையா? வரலைன்னா எதுக்குக் கையைக் காட்டறீங்க?"

அவன் அண்ணாந்து பார்த்தான். கை இன்னும் மேலேதான் இருந்தது.